லா அக்கா

உலக மொழிகள் எல்லாம் தமிழிலிருந்து கிளம்பிப் போனவைதான் என்று நிரூபித்து நான் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறேன். அப்போது எனக்கு நாற்பது தாண்டி நெடுநாளாகியிருந்தது. அறியாப் பருவம் என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை.

மற்றவர்கள் இந்தக் காரியத்தை ஆயிரக்கணக்கான சொற்களை வைத்துச் செய்வார்கள். எனக்கு ஒரே ஒரு எழுத்து போதுமானதாக இருந்தது: லா. அரபியில் லா என்றால் ‘இல்லை’. தமிழில் ‘இல்லா’ என்று ஒரு சொல் இருக்கிறது. அந்தக் காலத்து வணிகர்களோடு ‘இல்லா’ கப்பல் ஏறியது, நடுக்கடலில் பாரம் அதிகமாகிவிடவே முன்னால் இருந்த ‘இல்’லைத் தண்ணீரில் தள்ளிவிட்டார்கள், ‘லா’ மட்டும் பத்திரமாகக் கரை இறங்கியது. இதுதான் என் ஆராய்ச்சி முடிவு. புதுக்கோட்டையில் ஓர் இலக்கிய வட்டத்தில் இதை வாசித்தபோது நடுவில் கரண்ட் போனது. அது திரும்பி வந்தபோது பாதி நாற்காலிகள் ஆள் இல்லா நாற்காலிகள் ஆகியிருந்தன.

மிச்சமிருந்தவர்களில் ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர் ஒருவர் எழுந்தார். இந்தியில் லா என்றால் ‘கொண்டு வா’ என்று அர்த்தமாயிற்றே, இல்லை என்பதும் கொண்டு வா என்பதும் எப்படி ஒரே வயிற்றுப் பிள்ளைகள் ஆகும் என்று கேட்டார். இல்லாததைத்தானே கொண்டுவரச் சொல்கிறோம் என்றேன். கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலை நான் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்த எழுத்தை எனக்குக் கொடுத்தவரைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். அவருக்கு இந்த ஆராய்ச்சி எதுவும் தெரியாது. தெரிந்திருந்தால் எனக்கு ஒரு கரண்டி ரசம் அதிகமாக ஊற்றி, வெயிலில் அலைய வேண்டாம் என்று சொல்லியிருப்பார்.

அன்னவாசலில் ஓர் அரசு அலுவலகத்தில் நான் எழுத்தராக இருந்த வருடங்கள் அவை. என் மனைவி ஆசிரியை. அறந்தாங்கிப் பக்கம் பள்ளிக்கூடம் என்பதால் விடியும்போதே பஸ் ஏறிவிடுவாள். மதியச் சாப்பாட்டுக்கு நான் பஸ் ஸ்டாண்டை ஒட்டியிருந்த ஒரு தகரக் கொட்டகை மெஸ்ஸை நம்பியிருந்தேன். அதற்கு முன் அது பஞ்சர் கடையாக இருந்தது. கூட்டு வைக்கிற இடத்துக்கு மேலே பழைய டயர் கம்பெனிக் காலண்டர் ஒன்று கடைசிவரை தொங்கியது.

மெஸ்ஸை நடத்தியவர் ஐம்பதை நெருங்கிய பெண்மணி. சேலைக்கு மேல் ஆம்பிளைச் சட்டை, தோளில் துண்டு, கையில் சாம்பார் வாளி. குவைத்தில் ஒரு வீட்டில் பத்துப் பன்னிரண்டு வருடம் சமையல் வேலை பார்த்துவிட்டு வந்தவர். எங்கள் எல்லாருக்கும் அவர் அக்கா. முதுகுக்குப் பின்னால் லா அக்கா. காரணம், அவர் மெஸ்ஸில் எது தீர்ந்துபோனாலும் ‘இல்லை’ என்று சொல்ல மாட்டார். “அப்பளம் இருக்காக்கா?” என்றால், தலையை லேசாகச் சாய்த்து, “லா” என்பார். குழந்தையைத் தூங்க வைக்கிற குரலில் வரும் அந்த லா.

எங்கள் பக்கத்தில் ‘இல்லை’ என்கிற சொல்லை வீட்டுக்குள் விடுவதற்கு யோசிப்போம். அரிசி தீர்ந்துபோனால் ‘நெறஞ்சிருக்கு’ என்போம். விளக்கை அணைக்க மாட்டோம், மலையேற்றுவோம். வீட்டை விட்டுக் கிளம்புகிறவர் வாய்தவறி ‘போறேன்’ என்று சொல்லிவிட்டால், வாசலைத் தாண்டியவரையும் கூப்பிட்டு உட்காரவைத்து, ஒரு வாய் தண்ணீர் கொடுத்து, ‘வாரேன்’ என்று சொல்ல வைத்துத்தான் அனுப்புவோம். பஸ் போனாலும் பரவாயில்லை. துக்க வீட்டில் மட்டும்தான் சொல்லிக்கொள்ளாமல் போகலாம்.

சாப்பாட்டுக் கடை நடத்துகிறவருக்கு இது பெரிய தொல்லை. மதியம் இரண்டு மணிக்கு மேல் அவர் வேலையே ‘இல்லை’ என்று சொல்வதுதான். மற்ற கடைகளில் ‘இப்ப வந்துரும்’ என்று பொய் சொல்வார்கள். நாமும் வராத கூட்டுக்காகக் காத்திருந்து, மோருக்குப் போய்விடுவோம். அக்காவுக்குப் பொய் சொல்லவும் பிடிக்காது. எனவே லா.

ஒருநாள் கேட்டேன். “நம்ம சொல்லுல இல்லேன்னு சொன்னா சட்டி காதுல வாங்கிக்கும் சார்” என்றார். “அரபியில சொன்னா அதுக்குப் புரியாது.”

இதைச் சிரிக்காமல் சொன்னார். நான் சிரித்துவிட்டு, அன்றைக்கே கட்டுரைக்குக் குறிப்பு எடுத்தேன். அவர் சொன்னதை யோசித்திருக்க வேண்டும். நான் எழுத்தை யோசித்தேன்.

அந்தச் சொல் அவருக்குக் கிடைத்த கதையைத் துண்டு துண்டாகச் சொல்லியிருக்கிறார். குவைத்துக்குப் போன புதிதில் அவருக்கு அங்கே ஒரு வார்த்தையும் தெரியாது. யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுவார். மேடம் சொல்கிற வேலை, மேடத்தின் அக்கா வந்து சொல்கிற வேலை, பக்கத்து வீட்டு அம்மாள் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிற வேலை எல்லாவற்றுக்கும் ஒரே தலையாட்டல். அந்த வீட்டில் தத்தித் தத்தி நடக்கிற ஒரு குழந்தை இருந்தது. சோறு ஊட்டும்போது அது வாயை மூடிக்கொண்டு “லா” என்றது. பாட்டி வந்து ஊட்டினாலும் “லா.” அப்பன் வந்தாலும் “லா.”

“யாருக்குமே கோவம் வரல சார். அதான் எனக்கு அதிசயம். நம்ம ஊர்ல புள்ள மாட்டேன்னா முதுகுல ஒண்ணு விழுகும். அந்தப் புள்ள லாங்குது, எல்லாரும் சிரிச்சுட்டுப் போறாங்க. தண்ணிக்கு என்ன, உப்புக்கு என்னன்னு படிக்க முன்னாடி நான் அதத்தான் படிச்சேன்.”

ஒரு வெள்ளிக்கிழமை, மேடத்தின் அக்கா தன் வீட்டையும் கழுவிவிடச் சொன்னபோது, இவர் குழந்தை சொன்ன அதே ராகத்தில் “லா” என்றாராம். அந்த அம்மாள் திகைத்துப்போய்ப் பிறகு விழுந்து விழுந்து சிரித்தாராம். வெள்ளிக்கிழமை வேலை அதோடு நின்றது. குழந்தையிடம் கற்றதால் அவருடைய லா கடைசிவரை ஒரு குழந்தையின் லாவாகவே இருந்தது. எங்கள் ஊரில் யாரும் அதைக் கேட்டுக் கோபித்துக்கொள்ளாததற்கு அதுகூடக் காரணமாக இருக்கலாம்.

ஆனால் இந்த எழுத்துக்கு எங்கள் ஊரில் போட்டி அதிகம். மெஸ்ஸுக்கு எதிரில் டீக்கடை வைத்திருந்தவர் மலேசியாவில் பரோட்டா போட்டுவிட்டு வந்தவர். அவருக்கு எல்லா வாக்கியமும் லாவில்தான் முடியும். “டீ நல்லாருக்கா லா?” “மழ வருது லா.” அவர் சொல்லும் லாவுக்கு என்ன அர்த்தம் என்று அக்கா ஒருநாள் கேட்டார். டீக்கடைக்காரர் ரொம்ப யோசித்தார். “அர்த்தமெல்லாம் ஒண்ணும் கெடையாது லா. பேச்சு தனியா நிக்கக் கூடாதுன்னு ஒரு தொணைக்கு” என்றார். மலாய் இலக்கணம் எழுதியவர்கள் இதைவிட நன்றாகச் சொல்லியிருக்க முடியாது.

பிறகு, கல் உடைக்கிற கிரஷரில் வேலை பார்க்கிற பீகார்க்காரர்கள் கூட்டமாகச் சாப்பிட வர ஆரம்பித்தார்கள். அவர்கள் தங்களுக்குள் “பானி லா” என்பார்கள். தண்ணீர் கொண்டு வா. முதல் நாள் அக்கா அதைக் கேட்டு, ஜக்கு நிறையத் தண்ணீர் இருக்கும்போது இல்லை என்கிறார்களே என்று குழம்பி நின்றார். அவர்களோ, சோறு கேட்டதற்கு இவர் லா என்றதும், சரி, நம்மையே கொண்டுவரச் சொல்கிறார் என்று எழுந்து, சமையலறைக்குப் போய் அண்டாவைத் தூக்கி வந்துவிட்டார்கள். அண்டா காலி. அதைச் சுற்றி நின்று எல்லாரும் பார்த்தார்கள். அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. ஒரு வாரத்தில் உடன்பாடு வந்துவிட்டது. கை விரிந்தால் இல்லை, கை மடங்கினால் கொண்டு வா. லா எப்போதும்போல வந்துகொண்டிருக்கும், கையைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எனக்கு இதெல்லாம் கொண்டாட்டமாக இருந்தது. வீட்டில் அகராதிகளைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தேன். சீனத்தில் லா என்றால் காரம். பிரெஞ்சில் பெண்பால் பெயர்களுக்கு முன்னால் குடை பிடித்துக்கொண்டு வருகிற ஒரு சிறு சொல். மேற்கத்திய இசையில் ஒரு சுரம். ஒன்றுக்கொன்று பந்தமே இல்லாத ஊர்கள், ஒரே சத்தம். இந்த நேரத்தில்தான் என் மனைவி, குளியலறைக் குழாய் ஒழுகுகிறது, ஆளைக் கூப்பிடுங்கள் என்றாள். சரி என்றேன்.

அக்காவின் சொல்லைக் கவனித்த அளவுக்கு அக்காவை நான் பார்க்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது. சாப்பிட வருகிற எவருக்கும் லா சொல்ல முடிந்த அவரால், சொந்தக்காரர்கள் வந்தால் அதைச் சொல்ல முடியாது. கல்யாணத்துக்கு அண்டா கேட்பார்கள். சரி. மெஸ் நடக்கிற நாளிலேயே கேட்பார்கள். சரி. அன்றைக்கு எங்களுக்குக் குக்கர் சோறு. சொந்தக்காரர் முன்னால் அவர் நாக்கு தமிழ் நாக்காகிவிடும். தமிழ் நாக்கில் அந்தச் சொல் அவருக்கு இல்லை.

அவருடைய அண்ணன் புதன்கிழமைகளில் வருவார். அன்றைக்குக் கோட்டைப்பட்டினத்து மீன் ஐஸ் பெட்டியில் வந்திறங்கும். யார் என்ன கேட்டாலும் மீன் தலை அண்ணனுக்குத்தான். அவர் முதல் பெஞ்சில் உட்கார்ந்து, தலையை நிதானமாகப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டு, “வாரேன்த்தா” என்று போவார். பார்க்க முரட்டு ஆள். ஆனால் அக்காவின் வீட்டுக்காரர் சின்ன வயதிலேயே தவறிப்போனபோது கைக்குழந்தையோடு இவரை வீட்டுக்குக் கூட்டி வந்தவர். அக்கா குவைத்தில் இருந்த வருடங்களெல்லாம் அந்தப் பெண் குழந்தை மாமன் வீட்டில்தான் வளர்ந்தது. தினமும் தலை பின்னிவிட்டது மாமன் மனைவி. குழந்தை வளர்ந்து நர்ஸ் ஆனது. குளத்தூர்ப் பக்கத்துப் பையனோடு கல்யாணமும் பேசி முடிந்தது.

பேசி முடித்த அடுத்த புதன்கிழமை, அண்ணன் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, துண்டில் துடைத்துக்கொண்டே சொன்னார்: “முகூர்த்தத்துக்கு முன்னாடி ஒரு நா ரெஜிஸ்டர் ஆபீஸ் வரைக்கும் வந்துட்டுப் போத்தா. அப்பா புஞ்சைக்கு ஒரு கையெழுத்து. அப்பறம் மாமன் சீரு மேளதாளத்தோட வருது பாரு.” கடைக்குப் போகும்போது கொத்தமல்லி வாங்கி வா என்பதுபோலச் சொன்னார்.

“சரிண்ணே” என்றார் அக்கா.

மறுநாள் ரசத்தில் புளி இல்லை. கூட்டில் உப்பு இரண்டு தடவை விழுந்திருந்தது. கூட்டம் போனபிறகு நான் கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னார். அவர் அப்பாவுக்கு ரோட்டோரம் ஒரு புஞ்சை இருந்தது. கருவேல முள் மண்டிக் கிடந்த வரைக்கும் அதற்கு யாரும் பேர்கூடச் சொன்னதில்லை. ரோடு அகலமானதும் எல்லாருக்கும் ஞாபகம் வந்துவிட்டது. அவருடைய பங்கை அண்ணனுக்கு விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதித் தர வேண்டும். ஊரில் கூடப் பிறந்தவர்கள் அப்படித்தான் எழுதித் தருகிறார்கள். எழுதித் தராவிட்டால் பிறந்த வீடு கிடையாது. கல்யாண மேடையில் தாய்மாமனும் கிடையாது.

“எழுதிக் குடுக்க மனசில்லையா?” என்றேன்.

“நான் இருந்ததெல்லாம் அடுத்தவங்க கூரைக்கிக் கீழதான் சார். அங்கிட்டு மேடம் வீடு. இங்கிட்டு அண்ணன் வீடு. இது வாடகைத் தகரம். அந்தப் புஞ்சையில ஓரமா ஒரு ரூமும் அடுப்பும் போட்டுக்கிட்டா, செத்தா அங்கிருந்து தூக்குவாங்க.” கொஞ்ச நேரம் வாளியைத் துடைத்தார். “ஆனா, மாமன் இல்லாத பொண்ணுன்னு எம் புள்ள மேடையில நிக்கக் கூடாது. அவரு தோள்ல வளந்த புள்ள சார் அது.”

இந்த இடத்தில் ஒரு மனிதன் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். நான் லா பேச ஆரம்பித்தேன். வக்கீல்கள் படிக்கிற லா. மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு என்று லா சொல்கிறது, லா உங்கள் பக்கம் நிற்கிறது, நீங்கள் போய் அண்ணனிடம் லா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அரபியும் சட்டமும் ஒன்றாகவே போய்ச் சேரும் என்றேன். அவர் என்னைக் கவலையோடு பார்த்தார். மோர் வேண்டுமா என்று கேட்டார்.

பத்திரிகை வைக்கிற நாள் வந்தது. குலசாமிக்கு வைத்தபிறகு முதல் பத்திரிகை தாய்மாமனுக்கு. என்னிடம் ஒரு பழைய கார் இருந்தது. அக்கா வந்து, “சார், உங்க வண்டியில வந்தா தட்டு சாயாம வருமா?” என்று கேட்டார். என் சட்ட அறிவுக்காகத்தான் கூப்பிடுகிறார் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

பெரிய பித்தளைத் தட்டு. வெற்றிலை, பாக்கு, தேங்காய், வாழைப்பழம், மேலே மூலையில் மஞ்சள் தடவிய பத்திரிகை. வழி முழுக்க அதை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு வந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. நான் பேசினேன்.

அண்ணன் வீட்டில் எல்லாம் முறையாகத்தான் நடந்தது. அண்ணன் மனைவி வாசலுக்கே வந்து கூட்டிப்போனார். நாற்காலி போட்டார்கள். கலர் வாங்கி வந்து கொடுத்தார்கள். அக்கா எழுந்து தட்டை நீட்டினார். அண்ணன் கையை நீட்டவில்லை.

“அத அங்கிட்டு வையித்தா” என்றார். “ரெஜிஸ்டர் ஆபீஸ் வேல முடியட்டும். ரெண்டு கையாலயும் வாங்கிக்கிறேன்.”

தட்டு நீட்டியபடியே இருந்தது. என் தருணம் வந்துவிட்டது என்று நினைத்து நான் தொண்டையைச் செருமினேன். லா என்ன சொல்கிறது என்றால், என்று ஆரம்பித்தேன்.

அண்ணன் என் பக்கம் திரும்பினார். “சார் யாரு? பொண்ணு வீடா, மாப்ள வீடா?”

யோசித்துப் பார்த்தேன். “வண்டி” என்றேன்.

அக்கா என்னைப் பார்க்காமலே, “சார், நீங்க செத்த இருங்க” என்றார். பிறகு அண்ணனிடம், எப்போதும் பேசுகிற குரலில், நிதானமாகச் சொன்னார்.

“அண்ணே, எம் புள்ளைக்குச் சோறு போட்டு, தலை பின்னிவிட்டு வளத்தது நீங்களும் மதினியும்தான். கட்டை வேகுற வரைக்கும் அது மறக்காது. கையெழுத்து மட்டும் போட மாட்டேன்.”

தமிழில் சொல்லிவிட்டார். அந்த வீட்டு அடுக்களையில் அடுக்கியிருந்த சட்டி பானை எல்லாவற்றுக்கும் புரிகிற மாதிரி.

அண்ணன் தோள் துண்டை எடுத்து உதறி மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு, “அப்ப மாமன் இல்லாமயே தாலி கட்டிக்கிருவியளா?” என்றார். கோபத்தைவிட அதில் வேறு என்னவோ அதிகமாக இருந்தது. மரியாதைப் பன்மைக்கு மாறிவிட்டிருந்தார். தங்கையிடம் ஒருவர் அப்படிப் பேச ஆரம்பித்தால் அது அடிப்பதற்கு அடுத்தபடி.

அக்கா தட்டைக் காலியாக இருந்த நாற்காலியின் மேல் வைத்தார். தோள் பையை எடுத்தார்.

“போறேண்ணே” என்றார்.

அந்தச் சொல் கூடத்தில் விழுந்ததும் உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது. நான் கலர் பாட்டிலை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் வைத்திருந்தேன். எங்கள் பக்கத்து ஆள் எவரும் எவர் வீட்டிலும் தெரிந்தே அந்தச் சொல்லைச் சொல்லிக் கிளம்பி நான் கேட்டதில்லை. அதுவும் பிறந்த வீட்டில், பிறந்த பெண்.

கார்க் கதவைத் திறக்கும்போது அண்ணன் மனைவி ஈரக் கையோடு ஓடி வந்து அக்காவின் மணிக்கட்டைப் பிடித்தார்.

“ஏத்தா, சண்டை போடு. கேஸப் போடு. என்னமும் செய்யி. இப்புடிச் சொல்லிட்டு வாசப்படி தாண்டாத. நாளப்பின்ன நாங்க இந்த வீட்டுக்குள்ள இருக்க வேணாமா? வாரேன்னு ஒரு சொல்லு சொல்லிட்டுப் போத்தா.”

அக்கா அந்தக் கையைப் பார்த்தார். மகளுக்குத் தலை பின்னிவிட்ட கை. அதை மெதுவாக விலக்கினார்.

“லா மதினி” என்றார். சாம்பார் தீர்ந்துவிட்டது என்று சொல்கிற அதே குரலில்.

வண்டி கொஞ்ச தூரம் வந்தபிறகுதான் எனக்குத் தட்டு ஞாபகம் வந்தது. திருப்பட்டுமா என்று கேட்டேன். “இருக்கட்டும் சார்” என்றார். அதற்குப் பிறகு அன்னவாசல் வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். சித்தன்னவாசல் பாறை தெரிகிற இடத்தில் மூக்கைச் சிந்தினார். நான் ஓவியங்களைப் பற்றி ஏதோ சொல்ல வந்து, வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொல்லாமல் விட்டேன்.

அதற்கும் கல்யாணத்துக்கும் இடையில் இருந்த நாட்களில் அவர் மெஸ்ஸை மூடவில்லை. மாப்பிள்ளை வீட்டார் போன் செய்து, மாமன் வீட்டிலிருந்து எத்தனை பேர் வருகிறார்கள், பந்திக்குக் கணக்கு வேண்டும் என்றார்கள். “வருவாங்க” என்றார். போனை வைத்துவிட்டு அடுப்பைப் பார்த்து நின்றார். அன்றைக்கும் ரசத்தில் புளி இல்லை. பீகார்க்காரர்கள்கூடக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஒருவரும் எதுவும் சொல்லாமல் குடித்தோம்.

முகூர்த்தத்தன்று நானும் மனைவியும் மண்டபத்துக்குப் போனோம். மணப்பெண் மேடை ஏற வேண்டிய நேரம். அழைத்துவர வேண்டியவர் தாய்மாமன். “பொண்ணுக்கு மாமன் வாங்க” என்று ஐயர் ஒரு தடவை கூப்பிட்டார். நாயனக்காரர் வாசித்துக்கொண்டிருந்ததைச் சுருதி இறக்கி நீட்டினார். இன்னொரு தடவை கூப்பிட்டார். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அக்கா மணமகள் அறைக் கதவோரம் பட்டுச்சேலையில் நின்றார். ஆம்பிளைச் சட்டை இல்லாமல் அவரை அன்றைக்குத்தான் பார்த்தேன், ரொம்பச் சின்ன ஆளாகத் தெரிந்தார். நானே போய் நின்றுவிடலாமா என்று எழுந்தேன். என் மனைவி சட்டையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

வாசலில் முதலில் தெரிந்தது அந்தப் பித்தளைத் தட்டு.

அண்ணன் மனைவி அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். தட்டில் பட்டுப்புடவை, மாலை, பழம், ஒரு சின்ன நகைப் பெட்டி. பின்னால் அவர்கள் சொந்தத்துப் பெண்கள் ஆளுக்கொரு தட்டோடு. கடைசியில் அண்ணன். கையில் ஒன்றும் இல்லாமல், யாரையோ அடிக்கப் போகிறவர்போல முகத்தை வைத்துக்கொண்டு. நேராகப் போய்ப் பெண்ணின் கையைப் பிடித்தார். பெண் “மாமா” என்று அழுதது. மேடைக்கு ஏறும்போது அவர் முகம் இருந்த நிலைக்கு, அடிக்கப் போகிறவர் என்று நான் எழுதியது தப்பு.

பிறகுதான் விஷயம் தெரிந்தது. அடுத்த வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கும் பழக்கம் எங்கள் ஊரில் கிடையாது. குழம்பு வந்த கிண்ணத்தில் ஒரு கைப்பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் தருவோம். அந்தத் தட்டு அண்ணன் வீட்டு நாற்காலியில் எத்தனையோ நாள் அப்படியே இருந்திருக்கிறது. அண்ணன் யாரிடமாவது கொடுத்துவிடச் சொல்லியிருக்கிறார். அவர் மனைவி, மாமன் வீட்டிலிருந்து வெறும் தட்டு போகாது, என்ன வைத்து அனுப்ப வேண்டுமென்று சொல்லுங்கள் என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை அந்த நாற்காலியில் யாரையும் உட்காரவிடவில்லை. அதோடு ‘போறேன்’ என்ற சொல்லும் அந்த வீட்டுக்குள் சுற்றிக்கொண்டிருக்கிறது. சொன்னவரே வந்து திருப்பி எடுத்தால்தான் உண்டு. அதற்கு இவர்கள் போய் அவரைக் கூப்பிட வேண்டும்.

அக்கா தட்டை மறந்து வைத்துவிட்டு வந்தாரா, தெரிந்து வைத்துவிட்டு வந்தாரா? நான் கேட்டேன். “தட்டுத்தான சார்” என்றார்.

பந்தி முடிந்து அண்ணன் கிளம்பும்போது தங்கைக்கு முன்னால் வந்து நின்றார். இருவரும் மேளக்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “கையெழுத்து விசயத்த நான் விடலத்தா” என்றார். அக்கா தாம்பூலப் பையை அவர் கையில் கொடுத்தார். அண்ணன் இரண்டு அடி போய்த் திரும்பி, “வாரேன்” என்றார்.

அடுத்த வாரம் மகளையும் மருமகனையும் விருந்துக்குக் கூட்டிக்கொண்டு அக்கா அந்த வீட்டுக்குப் போனார். திரும்பும்போது ‘வாரேன்’ என்று சொன்னதும் மதினி ஒரு செம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாராம். புதன்கிழமைகளில் அண்ணன் மறுபடி மெஸ்ஸுக்கு வர ஆரம்பித்தார். மீன் தலையைப் பிரித்தபடி, “என்னத்தா, ரெஜிஸ்டர் ஆபீஸ் போவமா?” என்பார். அக்கா குழம்பு ஊற்றிக்கொண்டே, “லா” என்பார். அவரும் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார்.

பேரன் பிறந்ததும் அக்கா மெஸ்ஸை விட்டுவிட்டு மகளோடு திருச்சிக்குப் போனார். இப்போது அந்த இடத்தில் செல்போன் கடை. புஞ்சை இன்னும் அப்படியேதான் கிடக்கிறது. விற்கவும் முடியாது, வீடு கட்டவும் முடியாது. அண்ணன் தங்கை இருவர் பேரிலும் கருவேல முள் வளர்ந்துகொண்டிருக்கிறது. ஓரமாக ஓர் அறை, ஓர் அடுப்பு என்று அவர் கேட்டது கிடைக்கவில்லை. கிடைத்ததாக எழுதியிருந்தால் நீங்களும் நம்பியிருப்பீர்கள். எனக்கும் இரவில் தூக்கம் வந்திருக்கும்.

ரொம்ப நாள் கழித்துத் தாய்லாந்துக்காரர்களின் மொழி பற்றிய ஒரு புத்தகத்தைப் புரட்டியபோது, அங்கே லா என்றால் விடைபெறுதல் என்று போட்டிருந்தது. புத்தகத்தை மூடிவைத்துவிட்டு நினைத்துப் பார்க்கிற விஷயம். கார்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அக்கா மதினியிடம் சொன்ன ஒரு லாவில் அரபியும் இருந்தது, சட்டமும் இருந்தது, விடைபெறுதலும் இருந்தது. ஆனால் அவர் அதில் எதையும் வைக்கவில்லை. அவருக்கு அது ஒரு குழந்தை சோறு வேண்டாம் என்று சொன்ன சொல். தனக்குக் கோபம் வராமல், எதிரில் இருப்பவருக்கும் வலிக்காமல் ஒன்றை மறுக்க அவருக்கு எங்கோ ஒரு வீட்டில் அது கிடைத்தது. அண்ணனிடம் அன்றைக்கு மட்டும் அதைப் பயன்படுத்தாமல், வலிக்கிற சொல்லாகப் பார்த்துத் தமிழில் எடுத்தார். சொந்தம் என்றால் அதுதான் போலிருக்கிறது. பழைய கட்டுரையை அன்றைக்குக் கிழித்துப் போட்டேன். தாய்லாந்தில் அதே சொல்லுக்குக் கழுதை என்றும் ஒரு பொருள் உண்டாம். அது யாருக்கு என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

இதை எழுதி முடித்து மனைவியிடம் படிக்கக் கொடுத்தேன். முழுக்கப் படித்தாள். இரண்டு இடத்தில் கண்ணைத் துடைத்தாள் என்றுகூட நினைத்தேன். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னாள்:

“லாவுக்கு ஊரு ஊரா அர்த்தம் போட்டிருக்கீங்க. நல்லாத்தான் இருக்கு. நீங்க சொல்ற ‘சரி’க்கு நம்ம வீட்டுல என்ன அர்த்தம்னும் ஒரு வரி போட்டுருங்க. குழாய் இன்னும் ஒழுகுது.”